புதுச் சுரங்கத்துக் காற்று

"இருபது புள்ளி எட்டு. அசையவே இல்ல பாருங்க" என்றார் நெட்வொர்க்காரர், திரையைத் தொட்டுக் காட்டி. "உள்ள ஆக்சிஜன் நல்லா இருக்கு சார்."

தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. காலை எட்டு மணிக்குப் புதுச் சுரங்கத்தின் வாய் சரிந்து மூடிவிட்டது. உள்ளே ஒன்பது பேர். அதில் ஒருவர் நெட்வொர்க்காரரின் தங்கை புருஷன்.

என்ஜினீயருக்கு இரண்டே வழி. இப்போதே பக்கவாட்டில் துளை போட்டுக் காற்றுக் குழாயைச் செருகலாம். ஆனால் அதிர்வில் கூரை மொத்தமும் இறங்கினாலும் இறங்கும். இல்லாவிட்டால் பெரிய இயந்திரம் வரும்வரை ஆறு மணி நேரம் பொறுக்கலாம்.

"காத்து இருக்குன்னா மெஷின் வரட்டும். உங்க கருவியை நம்பலாமா?"

"நான் இழுத்த லைன் சார். என் மாப்பிள்ளையே உள்ள கிடக்கறார், பொய் சொல்லுவேனா?"

பொய் சொல்லவில்லை, பாவம். மனுஷனுக்கு வேலையில் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான். எந்த அளவு எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று திரை கண்டுகொள்ள, புதுச் சுரங்கத்துக் கருவிகளுக்குத் தனித்தனி உள் வலை எண்களை யோசித்து வைக்க ஒரு நாள் முழுக்கக் கொடுத்திருந்தார்கள். "நமக்குள்ள நாமே வச்சுக்கற நம்பர், இதுக்கு யாரைக் கேக்கணும்?" என்று பழைய சுரங்கத்தின் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு, டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டார்.

அப்போது இரண்டும் தனித்தனி வலை. போன வாரம் என்ஜினீயர் இரண்டையும் ஒரே திரையில் கேட்டபோது, அரை மணியில் இணைத்துக் கொடுத்துச் சபாஷும் வாங்கினார்.

தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, ஒன்பது பேர் மூச்சு விடறாங்க. கொஞ்சமாவது குறைய வேணாமா?"

"உள்ள அரை மைல் நீளம்மா. கண்டதையும் நினைச்சுக்காதே."

"பழைய சுரங்கத்துக்கு என்ன காட்டுது?"

"அதுவும் இருபது புள்ளி எட்டு. ஆளே இல்லாத சுரங்கத்துக்குச் சமமா இருக்குன்னா பாத்துக்கோயேன்!"

"எனக்கு என்னமோ அவர் வரமாட்டார்னு தோணுது. துளையைப் போடச் சொல்லுண்ணா, உன் கால்ல விழறேன்!"

"பதறாத காரியம் சிதறாதும்மா. கூரை இறங்கினா மாப்பிள்ளையை யார் தருவா?"

இயந்திரத்துக்கே காத்திருப்பது என்று என்ஜினீயர் முடிவு செய்தார். அவள் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். பத்து மணி, பன்னிரண்டு, ஒன்று. அந்த எண்ணைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு இயந்திரம் வந்து பாறைகளை அள்ளத் தொடங்கியது. மூன்றாவது அள்ளலிலேயே எலக்ட்ரீஷியன் கையில் கேபிள் துண்டோடு கொட்டகைக்கு ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள போற கேபிள் பாறை விழுந்தப்பவே அறுந்துபோச்சுங்க. நீங்க எந்தச் சுரங்கத்துக் காத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"