பக்கத்து வீட்டுப் புல்தரை

ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஒஹாயோவுக்குத் திரும்பிய ஹார்லனுக்கு, காரை விட்டு இறங்கியதுமே வயிறு எரிந்தது. அவருடைய புல்தரையில் களை மண்டி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு வெர்னனின் புல்தரையோ பட்டுக் கம்பளமாக மின்னியது.

“என்ன மருந்து அடிச்சார்னு அவரையே கேளுங்களேன்” என்றாள் மனைவி டார்லீன்.

“அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்!”

குப்பை வண்டி வரும் நாளன்று, வாசலில் இருந்த வெர்னனின் தொட்டியை நைசாக எட்டிப் பார்த்தார். மேலேயே கிடந்தது காலியான களைக்கொல்லி டப்பா. சிக்கினான்! பெயரை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்கு ஓடினார்.

“புல்லுக்கு நடுவுல இருக்கற களைக்குன்னா வேற மருந்து இருக்கு சார். இது வந்து...” என்று ஆரம்பித்தாள் கடைக்காரப் பெண்.

“எல்லாம் எனக்குத் தெரியும்மா. இதையே குடு.”

வெர்னன் வெளியே போன நேரம் பார்த்து, ஒரு மூலை விடாமல் அடித்தார்.

சில நாளில் களை கருகியது. கூடவே புல்லும், ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

“அடடே, நீங்களும் என்னை மாதிரியே செய்றீங்களா ஹார்லன்?” என்று அந்தப் பக்கமிருந்து உற்சாகமாகக் கூவினார் வெர்னன். “நீங்க ஊர்ல இல்லாதப்ப நானும் மருந்து அடிச்சுத்தான் பழைய புல்லு மொத்தத்தையும் கொன்னேன். அப்புறம் புதுப் புல்லு லாரியில வந்து இறங்குச்சு, பாய் மாதிரி சுருட்டிச் சுருட்டி. உங்களுக்கு எப்ப லாரி வருது?”

ஹார்லன் அந்தப் பட்டுக் கம்பளத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். பாய்க்குப் பாய் ஒட்டுப்போட்ட கோடு தெரிந்தது.

“நாளைக்கு” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “உனக்கு வந்ததைவிடப் பெரிய லாரி!”