தொண்ணூறாவது நாள்

தேவாலயத்தின் அடித்தள அறையில் வாரக் கூட்டம். மார்லிஸ் எழுந்து நின்றாள்.

"நான் நிறுத்தி இன்னியோட தொண்ணூறு நாளாச்சு. முதல் வாரம் தூக்கமே வரல. கராஜுக்குப் போனாலே, மீன்பிடிப் பெட்டிக்குள்ள பாட்டிலைத் தேடிக் கை தானா துழாவும்."

"எனக்கு இன்னமும் துழாவுது" என்றாள் பக்கத்திலிருந்த இர்மா. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து அவள் வண்டியில் ஏறியதும், வெளியே காத்திருந்த கணவன் வெர்ன் தான் குடித்துக்கொண்டிருந்த காபியை அவளிடம் நீட்டினான். "மோந்து பாக்கறியா?"

"வேண்டாம். நீயே குடி, ஆறிடப்போகுது."

வெர்ன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"குடிகாரன் நான். விட்டு நாலு வருஷமாச்சு. நீ என்னை வேவு பாக்கறத விட்டுத் தொண்ணூறு நாள். உன்னோடதுதான் கஷ்டம். தேங்க்ஸ், மார்லி."

"மூக்கு இன்னும் அரிக்குதுதான்" என்று சொல்லிவிட்டு, மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.