இடது கதவு

உச்சிவெயிலில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கின் தகரமெல்லாம் கொதிக்கிறது. சாக்பீஸால் யார் முதலில் கோடு போடுகிறாரோ, அந்தப் பாகம் அவருக்கு. இங்கே அதுதான் சட்டம். நேற்று ஒரு பழங்காலக் காரின் வலது கதவில் கோடு போட்டுவிட்டுப் போன மெக்கானிக், இன்று அந்தக் காருக்குள் குனிந்து ஸ்பேனரைத் திருகும் மச்சினனைக் கண்டதும் வெறிகொள்கிறார். “என் கதவுலயே கை வைக்கிறியா?” சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, திறந்துகிடக்கும் இடது கதவிலேயே அவன் தலையை மோதுகிறார். டமார். விரிசல் விட்டிருந்த கண்ணாடி பொலபொலவென்று உதிர்கிறது. “மாமா, கேளுங்க...” மறுபடியும் டமார். பல்லொன்று தெறித்து, கீழே கிடக்கும் சக்கர மூடியில் கணீரென்று விழுகிறது. ஸ்பேனர் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. அவன் அதை ஓங்கவில்லை. அப்போதுதான் கதவில் வழியும் ரத்தத்துக்கு அடியில் ஒரு சாக்பீஸ் கோடு தெரிகிறது. அது அவர் போட்டதல்ல. “எனக்கு இடது கதவுதான் மாமா வேணும். உங்களோடத நான் தொடவே இல்ல.” மெக்கானிக் சுற்றிப் போய்ப் பார்க்கிறார். வலது கதவில் அவருடைய கோடு கலையாமல் இருக்கிறது. ஒரு திருகாணிகூட அசையவில்லை. அவர் திரும்பி வரும்போது, மச்சினன் மண்ணில் உட்கார்ந்து, உடைந்த மண்டையை மறந்து, அது கதவில் உண்டாக்கிய ஒடுக்கை விரலால் தடவிக்கொண்டிருக்கிறான். “ஒரு ஒடுக்குகூட இல்லாம இருந்துச்சு மாமா,” என்கிறான்.