உடைமரத்தடி மண்

ஓலைத்தொடுவாய்க் கடற்கரைக்கு இறங்கும் அந்த மண் வீதியில் ஒரே ஒரு மரம்தான் நின்றது. குடை விரித்ததுபோல ஓர் உடைமரம். ஒப்பந்தகாரர் றொட்னி கடவுளுக்கு அடுத்தபடியாக நம்பியது அந்த மரத்தைத்தான்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இருபது வருடமாக அவர் வீதி போடுகிறார், அதிகாரிகளும் வந்து சோதிக்கிறார்கள். மன்னார் வெயிலில் கழுதைகூட நிழலை விட்டு அசையாது. கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பழகிய அதிகாரி அசைவாரா? எந்த வீதியிலும் நிழல் விழுந்த இடத்தில்தான் சோதனை நடந்தது. ஆகவே நிழல் விழும் இடத்தை மட்டும் றொட்னி ஒழுங்காகச் செய்தார். மிச்சத்தை மாதாவின் பொறுப்பில் விட்டுவிடுவார்.

இந்த வீதியில் மண் கொஞ்சம் மோசம். மேலே மணல், கீழே உப்புச் சேறு. அளவாகத் தண்ணீர் அடித்து, படை படையாக மண் பரப்பி றோலர் ஓட்டி இறுக்கவேண்டும். அதற்கும் இறுகாத சேற்றை வாரி எறிந்துவிட்டு, பெருநிலத்திலிருந்து கிரவல் மண் கொண்டுவந்து நிரப்பவேண்டும். அவ்வளவு மினக்கெட றொட்னிக்கு மனமில்லை. அவருடைய கண் முழுவதும் மண்ணுக்கு மேலே வரப்போகும் கல்லுப் படையில் இருந்தது. இலாபமே அதில்தான். மன்னார்த் தீவில் கல் கிடையாது என்பதால் பாலம் கடந்து லொறி லொறியாக ஏற்றிவந்து, வீதியோரம் மலைபோலக் குவித்தும் விட்டார். மண் சோதனை ஒன்று நல்லபடியாக முடிந்தால் போதும், அவ்வளவு கல்லுக்கும் பில் போட்டுவிடலாம்.

எனவே உடைமரத்தடியில் மட்டும் மண்ணோடு சீமெந்து கலந்து, நன்றாக நனைத்து, றோலரை ஓட்டச் சொன்னார். சாம்பல் நிறம் வெளியே தெரியாமல் மேலே மணலும் தூவியாயிற்று.

றோலர் ஓட்டும் சனூனுக்கு மனம் கேட்கவில்லை.

"முதலாளி, மரத்தடியில மட்டும் ஓடினாக் காணுமா? மற்ற இடமெல்லாம் காலை வச்சாலே புதையுது."

"இதில போறது மீன் லொறி. மீன் ஒண்டும் முறைப்பாடு செய்யாது. நீ பேசாமல் ஓட்டு."

பொறியியலாளர் சுபத்திரா உச்சி வெயிலில் வந்து இறங்கினார். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். கையில் கூர்முனைக் கம்பி, அதன்மேல் தூக்கிப் போட ஓர் இரும்புக் குண்டு. குண்டு விழ விழக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் மண்ணின் பலம் தெரிந்துவிடும்.

றொட்னி கதிரையோடு ஓடி வந்து மரத்தடியில் போட்டார். குளிர்சோடாவும் வந்தது.

"அண்ணன், இந்தச் சோதனை எதுக்கெண்டு முதல்ல சொல்லிப்போடுறன். இது வழமையான..."

"எனக்கோ மிஸ் சொல்லப்போறீங்கள்? இருபது வருசமா றோட்டுப் போடுறன். நீங்கள் சோடாவைக் குடியுங்கோ."

சுபத்திரா சோடாவைத் தொடவில்லை. கம்பியோடு வெயிலுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினார். றொட்னி பின்னால் ஓடினார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சேறு. கம்பியை வைத்ததுமே பிடி வரைக்கும் உள்ளே போய்விடும். பிறகு முழு வீதியையும் கிண்டி எடுக்கவேண்டியதுதான்.

"மிஸ், அங்க போய் ஏன் வேகுறீங்கள்? எங்க குத்தினாலும் ஒரே மண்தான்."

"முழு றோட்டுமா?"

"ஓம் மிஸ். அந்தோனியார்மேல சத்தியமா ஒரே மண்."

சுபத்திரா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கம்பியை மரத்தடியில் நிறுத்தினார். றொட்னி மாதாவுக்கு மனதுக்குள் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

குண்டு விழுந்தது. கம்பி இறங்கவில்லை. மறுபடி விழுந்தது. கம்பி 'டங்' என்று எம்பியது. மரத்துக்கு மற்றப் பக்கம் போய்க் குத்திப் பார்த்தார். அங்கேயும் அதே கதைதான். றோலரில் இருந்த சனூன் கடலைப் பார்க்கத் தொடங்கினான்.

"இப்பிடி ஒரு மண்ணை நான் கண்டதே இல்லை அண்ணன்!"

"எங்கட தீவு மண் மிஸ். உப்பில ஊறினதெல்லோ." சிரிப்பை அடக்க றொட்னி பெரும்பாடுபட்டார். "அப்ப பாஸ்தானே?"

"பாஸ், பெயில் எண்டு இதில ஒண்டும் இல்லை. அதைத்தான் வந்தவுடன சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் விடேல்லை. உங்கட வேலையைச் சோதிக்க நான் வரேல்லை அண்ணன். மேல எவ்வளவு தடிப்பில கல்லுப் போடுறதெண்டு முடிவெடுக்க வந்தனான். மண் சேறெண்டால் ரெண்டு படை கல்லுப் போடச் சொல்லியிருப்பன். இந்த மண்ணுக்குக் கல்லே தேவையில்லை. நேரா தாரை ஊத்தலாம்."

சுபத்திரா அப்போதுதான் கதிரையில் அமர்ந்து சோடாவைத் திறந்தார்.

றொட்னி வீதியோரத்துக் கல்லுமலையைப் பார்த்தார். அத்தனையையும் இனித் திரும்பப் பாலம் கடத்தவேண்டும்.

"மிஸ்... ஒரு மரத்தடியை வச்சு முழு றோட்டையும் முடிவெடுக்கிறதோ? அங்கால போய் இன்னும் ரெண்டு இடம் குத்திப் பாருங்கோவன்."

"ஒரே மண் எண்டு அந்தோனியார்மேல சத்தியம் பண்ணினது நீங்கள்தானே? இல்லையெண்டால் சொல்லுங்கோ, இந்த மரத்தடி மண்ணுக்கு மட்டும் என்ன நடந்தது?"

சீமெந்துக்கு மேலே காலால் இன்னும் கொஞ்சம் மணலைத் தள்ளி மூடிக்கொண்டே, தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியிடம், வெயிலுக்குள் இறங்கி ஒழுங்காகச் சோதிக்கும்படி றொட்னி கைகூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.