ஊரில எவடம்?

"எத்தினை வருசம் படிச்சனீங்கள், பிள்ளை?"

கேட்டவர் சண்முகராசா. புலம்பெயர்ந்து வாழும் லூயிஷாமில் ஓர் உளச்சிகிச்சை நிலையத்தில், போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மகள் லக்‌ஷிகா வெளியே காத்திருந்தாள். போன மாதம் கை நிறையக் குளிசைகளை விழுங்கி, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள்.

"எல்லாமா எட்டு வருசம், ஐயா," என்றாள் எதிரே இருந்த சிகிச்சையாளர் றொஷானி. "முதல் சைக்கோலொஜி. பிறகு உளச்சிகிச்சைப் பயிற்சி. ஆஸ்பத்திரியிலயும் வேலை செய்தனான்."

"இவள் மாதிரிப் பிள்ளையளைப் பாத்திருக்கிறீங்களோ?"

"கூடுதலா அவையளைத்தான் பாக்கிறனான்."

படிப்பில் ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் மனிதர் விசாரிக்க வந்தது படிப்பை அல்ல.

"சரி, ஊரில எவடம்?"

"அதை நாங்கள் சொல்லுறேல்லை, ஐயா. எங்கட சொந்த விசயம் கதைக்கக் கூடாது எண்டுதான் பயிற்சி."

ஊர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சொல்லவில்லை என்றால் சொல்ல முடியாத இடம். சண்முகராசாவின் கணக்கு அவ்வளவுதான். லக்‌ஷிகா விரும்பிய பையனிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவன் ஒளிக்காமல் சொன்னான். அன்றோடு அவனுக்குக் கதவைச் சாத்தினார். மறுநாள் இவள் குளிசையை எடுத்தாள். அப்படியும் அவருக்குப் புத்தி வரவில்லை.

தூண்டில் போட்டுப் பார்த்தார். தன் ஊர், கோயில் வீதி, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் பெருமையாக எடுத்துவிட்டார். றொஷானியின் முகம் வெளிறியது. பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆள் அகப்பட்டுவிட்டாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

"குறை நினையாதேங்கோ, பிள்ளை. வீட்டு விசயமெல்லாம் கதைக்கிற இடம். எங்கட ஆக்களா இருந்தாத்தான் சரிவரும்." எழுந்துகொண்டார்.

"சிகிச்சையை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, ஐயா. அவ திரும்பவும் செய்யக்கூடும்."

"என்ர பிள்ளையை எனக்குத் தெரியும்."

றொஷானி குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"சரி. என்னாலயும் லக்‌ஷிகாவைப் பாக்க ஏலாதுதான். இண்டைக்கே வேற ஒருத்தரிட்ட ஒழுங்கு செய்து தாறன், கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. சொந்தக்காரருக்கு நாங்கள் சிகிச்சை குடுக்கக் கூடாது."

"சொந்தமோ? ஆருக்கு ஆர் சொந்தம்?"

"சாதி மாறிக் கட்டினவ எண்டு நீங்கள் தள்ளி வைச்ச உங்கட தங்கச்சி யோகமலர்தான் என்ர அம்மா. அவ தற்கொலை செய்யேக்க எனக்கு ஏழு வயசு, மாமா."