செவ்வாய்க்குத் தேய்த்த கண்ணாடி

ரத்தினசாமி செலவுத் தாளை விரலால்கூடத் தொடவில்லை. "நீங்களே படியுங்க. உங்க லட்சணம் உங்க வாயாலயே வரட்டும்" என்றார்.

மைசூரில் ஒரு கல்லூரி மாடியில் தொலைநோக்கி வைக்கப் பணம் கொடுத்தவர் இந்தக் கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரி. கொடுத்த நாளிலிருந்து பௌதிக ஆசிரியர் இஸ்ரவேலின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவர், இன்று கணக்குக் கேட்கக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

இஸ்ரவேல் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். முதல் கண்ணாடி தேய்க்கும்போதே விரிசல் விட்டது. இரண்டாவதில் செலவு இரட்டிப்பாகிவிட்டது. சித்திரையில் முடிய வேண்டிய வேலை ஆடியைத் தொட்டிருந்தது.

"ஏனுங்க, கண்ணாடி தேய்க்கறீங்களா, கோயிலுக்குச் சந்தனம் அரைக்கறீங்களா? செவ்வாய் இவ்வளவு கிட்ட வர்றது இந்த ஐம்பத்தாறாம் வருஷத்துலதான்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க. விட்டா இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும்."

"அப்பறம் என்ன மெத்தனம்? உங்க பியூன் தேய்ச்சிருந்தாக்கூட இந்நேரம் முடிஞ்சிருக்கும்!"

வாசலில் நின்ற பியூன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இஸ்ரவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உண்மையில் கண்ணாடி போன வாரமே தயார். அதை இன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். இந்தப் பேச்சுக்குப் பிறகு, 'உனக்கா? கிட, காத்துக் கிட' என்று மனசு கறுவியது.

"இன்னும் ஒரு மாசம் மெருகு போடணுங்க" என்றார்.

ரத்தினசாமி கத்தவில்லை. "ஒரு மாசமா?" என்று மட்டும் கேட்டார். சரியான இடத்தில் அடித்தோம் என்று இஸ்ரவேலுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஒரு மாதத்தையும் இழுத்து ஆவணிக் கடைசி ஆக்கினார்.

மேகம் விலகிய ஒரு நாள், இருட்டியதும் திறப்பு விழா. பிரின்சிபால் முதல் பியூன் வரை வரிசையில் வந்து, அந்தச் சிவப்பு உருண்டையைப் பார்த்து வாய்பிளந்தார்கள். பணம் கொடுத்தவரை இஸ்ரவேல் வேண்டுமென்றே கடைசியில் நிறுத்தியிருந்தார்.

ஆடியில் தனியாகப் படியேறி வந்த ரத்தினசாமி, இன்று மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழாயில் வலது கண்ணை வைத்தார். பிறகு இடது கண்ணை வைத்தார்.

குழாயின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்ரவேல் பக்கத்திலேயே நின்றார். இப்போதாவது அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்றிருந்தது அவருக்கு.

ரத்தினசாமி எரிந்து விழுந்தார்.

"இன்னும் மூடியைக்கூடக் கழட்டலீங்களா, வாத்தியாரே?"