முடிச்சு இருக்கும் இடம்

ஸ்டிக்கரின் ஓரத்தைப் பயிற்சியாளர் அக்கா முன்கூட்டியே மடித்து வைத்திருந்தார். கண் தெரியாதவர்கள் உரிக்கத் திண்டாடக் கூடாதாம்.

அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி. சர்க்கரை வியாதி கண்ணைப் பறிக்கும்வரை அவளுக்கு அதுதான் தொழில். மசாஜ் வகுப்பில் அதுவே பெயராகிவிட்டது.

எதிரே மேசைக் குழிக்குள் முகத்தைப் புதைத்துக் குப்புறக் கிடந்தார் மாற்றுத்திறனாளிகள் பயிற்சி மையத்தின் வேன் டிரைவர். பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த முதுகு. அதில் ஓர் இடத்தில் தசை இறுகி முடிச்சாகியிருந்தது. எந்த இடம் என்று தேர்வாளர் தன் தாளில் குறித்து வைத்திருந்தார். விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கே ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். செய்முறைத் தேர்வு அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். எட்டு மாதம் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தது இதற்காகத்தான்.

மையத்தைக் குறை சொல்ல நாக்கு வராது. எண்ணெய்ப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்டு, களிம்புப் புட்டிக்கு இரண்டு; தொட்டாலே தெரியும். காது கேட்காதவர் பழகும்போது, வலித்தால் படுத்திருப்பவர் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். அதிர்வு கைக்கு வந்துவிடும். நிற்க முடியாதவர்களுக்கு மேசையைத் தாழ்த்தி, சக்கரம் வைத்த முக்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிது, மூன்றாம் மாதம் அக்கா சொன்ன ஒரு வார்த்தை.

"உங்க விரல் பொய் சொல்லாது."

தையல்காரி அதை முந்தானையில் முடிந்துகொள்ளாத குறைதான். அண்ணன் வீட்டில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வேளா வேளைக்குத் தட்டை நீட்டினார்கள். அன்பாகத்தான். ஒரு வெங்காயம் உரிக்கக்கூட விட மாட்டார்கள். தன்னாலும் ஒரு வேலையை உருப்படியாகச் செய்ய முடியும் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வார்த்தை. அது நிஜமாக இருக்க வேண்டும். அது மட்டும் நிஜமாக இருந்தால் போதும்.

அவளுக்கு முன்னால் போனவன் அவசரக்குடுக்கை. முக்காலிக்காரன். எட்டு மாதத்தில் பாதி நாள் வரவே இல்லை, வந்த நாளில் பாதி நேரம் ஜோக் அடித்தான். உள்ளே போன ஒரு நிமிடத்தில் தேர்வாளரின் குரல் கேட்டது.

"அருமை! அப்படியே அங்கேதான்!"

கைதட்டல் வேறு. முக்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தவன் அவள் பக்கம் சாய்ந்தான்.

"எனக்கு முடிச்சும் தெரியல, மண்ணாங்கட்டியும் தெரியல. குத்துமதிப்பா ஒட்டினேன்."

நல்ல அதிர்ஷ்டக்காரன்தான் என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இப்போது அவள் முறை. அவள்தான் கடைசி.

உள்ளங்கையை முதலில் முதுகில் வைத்து, சூடு பழகும்வரை காத்திருந்தாள். பிறகு விரல்கள் கழுத்திலிருந்து இறங்கின. ஒரு தோள், மறு தோள். ஓர் இடத்தில் சற்றே நின்று, அழுத்தி, கீழே நகர்ந்தன. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இடுப்புவரை போய்த் திரும்பின.

இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கம், ஸ்டிக்கரை ஒட்டினாள். ஓரத்தை நகத்தால் நீவிவிட்டாள்.

"அருமை! அப்படியே அங்கேதான்!"

கைதட்டினார்கள். அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. பொய் அழுகை இல்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

தேர்வாளர் தாள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். டிரைவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, முதல்ல இடது தோள்பட்டைக்குக் கீழ அழுத்துனீங்களே, வலி அங்கதானே. உயிரே போச்சு எனக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பக்கம் வந்து ஒட்டுனீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னுதாண்ணே."

அவருக்குப் புரியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வேனைப் பார்க்கப் போய்விட்டார்.

தொட்ட நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட பட்டன்போல இருந்தது அந்த முடிச்சு. அதை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்துத்தான் ஒட்டினாள். தப்பு என்று ஒருவர் சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒட்டினாள். சொல்லியிருந்தால் ஃபெயில்தான், ஆனால் எட்டு மாதம் கேட்ட பாராட்டெல்லாம் நிஜமாகியிருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுதேர்வுக்கு வந்து சரியான இடத்தில் ஒட்டியிருப்பாள்.

டிரைவர் சொன்னதைச் சான்றிதழில் எழுத மாட்டார்கள்.

கைப்பையில் போன் அடித்தது. அண்ணன்.

"என்னம்மா ஆச்சு?"

"பாஸ்."

"அருமை!" என்றான் அண்ணன், தேர்வாளரின் அதே குரலில்.